'ஃபாஸ்ட்' என்றால் வேகமா, அசையாமல் இருப்பதா? ஒரே சொல்லுக்கு எப்படி இரண்டும்?

இரண்டும்தான். பாம்பனிலிருந்து கப்பல் வேலைக்குப் போன என் சித்தப்பா மகன் முதல் மாதமே இதில் மாட்டிக்கொண்டான். கயிற்றைக் கையில் கொடுத்து 'மேக் ஃபாஸ்ட்' என்றார்களாம். சீக்கிரம் ஆகட்டும் என்கிறார்கள் என்று நினைத்து இவன் பரபரவென்று இழுத்தான். அவர்கள் சொன்னதோ, "அசையாமல் இறுக்கிக் கட்டு."

மூத்த பொருள் அதுதான். பழைய ஆங்கிலத்தில் 'ஃபாஸ்ட்' என்றால் உறுதியான, கெட்டியான. துவைத்தாலும் போகாத சாயத்தை 'கலர் ஃபாஸ்ட்' என்பது அந்தப் பழைய பொருளின் மிச்சம். வேகம் அப்புறம் வந்து ஒட்டியது. உறுதியாக, முழுப் பலத்தோடு ஓடுவது என்ற வழக்கு நாளடைவில் விரைந்து ஓடுவது என்று ஆகிவிட்டது.

நமக்கு இது ஒன்றும் புதிதில்லை. 'கடு' என்ற அடியைப் பாருங்கள். கடுமை ஒரு பக்கம்; கடுகி வந்தான், கடிது சென்றான் என்ற வேகம் மறுபக்கம். தமிழும் ஆங்கிலமும் தனித்தனியாக ஒரே தடத்தில் போயிருக்கின்றன.

சரி, கீழக்கரையில் ரமலானுக்குப் பிடிக்கும் நோன்பையும் ஆங்கிலத்தில் 'ஃபாஸ்ட்' என்கிறார்களே? அதுவும் இதே வேர்தான். விரதத்தை உறுதியாகக் கடைப்பிடிப்பது. அதை முறிப்பது 'பிரேக்ஃபாஸ்ட்'. ரத்தப் பரிசோதனையில் 'ஃபாஸ்டிங் சுகர்' என்று எழுதுவதும் வெறும் வயிற்றைத்தான். அவசரமாக எடுக்கச் சொல்கிறார்கள் என்று பயந்துவிடாதீர்கள்.