1-க்கும் 9-க்கும் நடுவே: வாசகர் கேள்வி – பதில்

கையால் வரையும் அனிமேஷன் ஸ்டுடியோக்களில் பயிற்சிக்குச் சேர்வது பற்றி எல்லை ஊர் வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

திருவனந்தபுரத்தில் ஒரு ஸ்டுடியோவில் மகளுக்கு மூன்று மாதப் பயிற்சி கிடைத்திருக்கிறது. சின்ன வயதிலிருந்தே நன்றாக வரைவாள். ஆனால் இரண்டு வாரமாகக் கோடும் வட்டமும்தான் போடச் சொல்கிறார்களாம். மீதி நேரம் தாளுக்குத் துளை போடுவது. இதற்காகத் தினமும் பஸ்ஸில் அலைய வேண்டுமா?
— ஒரு தாய், களியக்காவிளை

இன்னும் கொஞ்ச நாள் அலையட்டும் அம்மா. ஒரே வட்டத்தைப் பத்துத் தாளில் ஒற்றி எடுத்து வரிசையாக ஓட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். தனித்தனியே பார்த்தால் பத்தும் ஒன்றுதான். ஓடும்போது கோடு கொதிக்கிற தண்ணீர் மாதிரி நடுங்கும். ஸ்டுடியோவில் அதற்குப் பெயரே 'பாயிலிங்'. பென்சில் கோட்டின் பாதித் தடிமன் விலகினாலும் திரையில் தெரிந்துவிடும். அந்த நடுக்கம் அடங்குகிற வரைக்கும் கதாபாத்திரம் வரைந்த தாளை யாரும் கையில் தரமாட்டார்கள். மணிக்கட்டை ஊன்றி வரைகிறவர்களுக்கு இது அடங்கவே அடங்காது. நீளக் கோட்டுக்கு முழங்கை, தோள் எல்லாம் சேர்ந்து நகர வேண்டும்.

துளை போடுவதும் வெட்டி வேலை இல்லை. தாள்கள் ஒன்றன்மேல் ஒன்று இம்மி பிசகாமல் உட்காருவது துளையால்தான். பெரும்பாலான இடங்களில் இருக்கும் 'ஆக்மி' பெக் பாரில் (தாளின் துளைகளை மாட்டும் முளைப் பட்டை) நடுவில் கால் அங்குல விட்டத்தில் உருண்டை முளை ஒன்று, அதிலிருந்து இரு பக்கமும் 4 அங்குலம் தள்ளி அரை அங்குல நீளமும் அரைக்கால் அங்குல அகலமும் கொண்ட தட்டை முளை ஒவ்வொன்று. உருண்டை முளை இடத்தைப் பிடிக்கிறது, தட்டை முளைகள் தாள் சுழலாமல் பிடிக்கின்றன. துளை போடும் பஞ்ச் கருவியில் நாலைந்து தாளுக்கு மேல் திணித்தால் அடித்தாள்களின் துளை பிசிறடித்துச் சரியும். அந்தத் தாளில் எவ்வளவு அழகாக வரைந்தாலும் படம் ஆடும்.

வழக்கமாக இதற்கு அடுத்தது ரஃப் படத்தின் மேல் சுத்தமான கோடு போடும் கிளீன்-அப், பிறகு கண் சிமிட்டல், வாயசைவு, அதற்கும் பிறகுதான் முழு உருவத்துக்கு இன்பிட்வீன், அதாவது இரண்டு முக்கியப் படங்களுக்கு நடுவே வரும் படங்கள். ஆறு வாரம் கழிந்தும் பஞ்சும் ஸ்கேனரும் மட்டும்தான் என்றால், அப்போது சூப்பர்வைசரிடம் நேராகக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். மேசைப் பக்கத்தில் உட்கார்ந்து கற்பது நம் நாட்டில் இந்தத் தொழிலோடு கூடவே வந்த பழக்கம். 1956-ல் பம்பாயில் பிலிம்ஸ் டிவிஷன் கார்ட்டூன் பிரிவு தொடங்கியபோது டிஸ்னியில் வேலை பார்த்த கிளேர் வீக்ஸ் வந்து சொல்லிக்கொடுத்தார். இந்திய அனிமேஷனின் முன்னோடியான ராம் மோகன் அங்கே பயின்றவர்.

இன்பிட்வீன் போட்டுக் கொடுத்தால் 'சார்ட்டைப் பாரு', 'ஆர்க் இல்ல', 'வால்யூம் போகுது' என்று மூன்றே வார்த்தையில் ஃபோல்டர் திரும்பி வருகிறது. இரண்டு படத்துக்கும் நடுவில்தானே வரைந்திருக்கிறேன்? மலையாளத்தில் கேட்டாலும் தமிழில் கேட்டாலும் பதில் இதே இங்கிலீஷ்தான்.
— பயிற்சி மாணவர், கொழிஞ்சாம்பாறை

மூன்றையும் பிரித்துப் பார்ப்போம்.

முதலில் சார்ட். கீ படத்தின் (அசைவின் முக்கிய நிலையை அனிமேட்டர் வரைந்த படம்) ஓரத்தில் ஏணி போல ஒரு கோடும் குறுக்கே சில கீறல்களும் இருக்குமே, அதுதான். வட்டமிட்ட எண்கள் கீ. நொடிக்கு 24 ஃபிரேம். ஒரு படத்தை இரண்டு ஃபிரேம் நிறுத்துவதால் நொடிக்கு 12 படம். எண்கள் 1, 3, 5, 7, 9 என ஒற்றைப்படையில் போவது அதனால்தான். கீறல்கள் சம இடைவெளியில் இருந்தால் முதலில் 5 (1-க்கும் 9-க்கும் பாதி), அப்புறம் 3 (1-க்கும் 5-க்கும் பாதி), கடைசியில் 7. கீறல்கள் 9-ன் பக்கம் நெருங்கியிருந்தால், அசைவு வேகம் குறைந்து 9-ல் போய் நிற்கிறது என்று பொருள். இப்போது 1-க்கும் 9-க்கும் பாதியில் விழுவது 3. 3-க்கும் 9-க்கும் பாதி 5. 5-க்கும் 9-க்கும் பாதி 7. ஆக 3 வரையாமல் 5-ஐத் தொடவே முடியாது. நீங்கள் இதிலும் 5-ஐ நடுவில் வைத்திருப்பீர்கள். வரைந்தது சரி, வைத்த இடம் தப்பு.

சில சார்ட்டில் மூன்றில் ஒரு பங்கு என்று குறித்திருக்கும். பாதி பாதியாகப் பிரித்து அங்கே போய்ச் சேர முடியாது, கண் அளவுதான். தயக்கமாக இருந்தால் அனிமேட்டரிடம் அந்த ஒரு படத்துக்கு மட்டும் நீலப் பென்சிலில் புள்ளி வைத்துத் தரச் சொல்லுங்கள். பிறகு முழு ஃபோல்டரையும் திருத்துவதைவிட அவருக்கும் அது லாபம்.

அடுத்து ஆர்க்கும் (அசைவு போகும் வளைவு) வால்யூமும் (உருவத்தின் பருமன்). பல நேரம் இவை ஒரே தப்பின் இரண்டு பெயர். தொங்கும் கை தோளுக்கு நேராக, 90 டிகிரி உயர்கிறது என்று வையுங்கள். கீழே உள்ள விரல் நுனிக்கும் மேலே உள்ள விரல் நுனிக்கும் நேர்க்கோடு இழுத்து அதன் நடுவில் புது விரல் நுனியை வைத்தால், அந்தக் கை கிட்டத்தட்ட 30 சதவீதம் குட்டையாகிவிடும். திரையில் கை உள்ளே சுருங்கி வெளியே வரும். விரல் நுனி தோளை மையமாக வைத்த வளைவில் போக வேண்டும். தலை திரும்பும்போதும் இதே கதைதான், மூக்கு நுனி நேர்க்கோட்டில் போனால் முகம் சப்பையாகும். அனிமேட்டர் நடுப்படமான பிரேக்டவுனைக் கொடுத்திருந்தால் வழி சுலபம்: ஒரு தனித்தாளில் கீ, பிரேக்டவுன், கீ மூன்றிலும் உள்ள மூக்கு நுனியைப் புள்ளி வைத்து வளைவால் சேருங்கள். மோவாய்க்கும் உச்சந்தலைக்கும் அப்படியே. உங்கள் படங்களின் புள்ளிகள் அந்த வளைவுகளின் மேல்தான் விழ வேண்டும்; எவ்வளவு தூரத்தில் என்பதைச் சார்ட் சொல்லும்.

இரண்டு கீயும் தூரத் தூரமாக இருந்தால் பெக்கில் வைத்தபடியே வரையாதீர்கள். முதலில் பெக்கில் 1, 9, மேலே வெற்றுத்தாள். வெற்றுத்தாளில் வளைவை ஒட்டி நடுப்புள்ளிகளை லேசாக நீலத்தில் குறியுங்கள். பிறகு மூன்றையும் பெக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். 1-ல் உள்ள தலையும் 9-ல் உள்ள தலையும் ஒன்றன்மேல் ஒன்று முடிந்தவரை பொருந்தும்படி லைட் பாக்ஸில் (அடியிலிருந்து வெளிச்சம் வரும் பெட்டி) வைத்து டேப் ஒட்டுங்கள். வெற்றுத்தாளை அதன் மேல், நீலப் புள்ளிகள் அந்தந்த உறுப்பில் விழும்படி வைத்து ஒட்டி வரையுங்கள். இப்போது கோடுகளுக்கு இடையே ஒரு மயிரிழைதான் வித்தியாசம் இருக்கும், அதனால் வால்யூம் போக வழியில்லை. சரிபார்க்க இன்னொரு குறுக்குவழி உண்டு. விளிம்பில் மூன்று தாள்களின் துளைகளும் படிக்கட்டு போல விலகித் தெரியும். நேர் அசைவென்றால் உங்கள் தாளின் துளை மற்ற இரண்டு துளைகளுக்கும் சரிநடுவில் இருக்கும். வளைவு அசைவென்றால் அந்த நடுவிலிருந்து, வளைவு புடைக்கும் பக்கத்துக்கு எதிர்ப்பக்கம் கொஞ்சம் தள்ளியிருக்கும். வேறு எங்காவது இருந்தால் பேனாக்கத்தியை எடுத்து டேப்பைக் கிழித்துவிட்டு மறுபடி வையுங்கள்.

வரைந்ததும் எண் வரிசைப்படி பெக்கில் மாட்டி, விரல் இடுக்கில் தாள்களைப் பிடித்து உருட்டிப் பாருங்கள். ஃபோல்டர் கொடுக்கும் முன் இதைச் செய்யாதவர்களுடைய ஃபோல்டர்தான் முதலில் திரும்பி வரும்.

ஆரியங்காவு தாண்டி ஒரு ஸ்டுடியோவில் பயிற்சி. சாரல் தொடங்கியதும் மே மாதம் வரைந்த தாளும் இப்போது வரைவதும் ஒன்றோடொன்று சேரமாட்டேன் என்கின்றன. பெக்கில் தாள் லொடலொடக்கிறது. தப்பு என் கையிலா?
— செங்கோட்டை வாசகர்

காற்றில். ஈரம் ஏறினால் தாளின் நார் நீளவாக்கில் அதிகம் வளராது, குறுக்குவாக்கில் உப்பும். எனவே ஒரே ரீமிலிருந்து, ஒரே வாக்கில் வெட்டிய தாளைத்தான் ஒரு காட்சிக்குப் பயன்படுத்த வேண்டும். வாக்கு தெரியாவிட்டால் ஓரத்தைக் கிழித்துப் பாருங்கள். நார் போகும் பக்கம் நேராகக் கிழியும், குறுக்கே கிழித்தால் கோணலாகப் போகும்.

ரீமைப் பிரித்தவுடன் பஞ்ச் பண்ணாமல், வரையும் அறையிலேயே ஒரு நாள் கிடக்க விட்டு ஒரு காட்சிக்கான தாளை ஒரே மூச்சில் பஞ்ச் செய்யுங்கள். முடியாத காட்சிகள் மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டியில் இருக்கட்டும். வியர்க்கும் கைக்கு அடியில் எப்போதும் ஒரு துண்டுத்தாள் வேண்டும். பென்சில் கரி இழுபடாமலிருக்கவும் அது உதவும். லொடலொடப்புக்குப் பெரும்பாலும் காரணம் தாளை ஒரு மூலையைப் பிடித்து இழுத்து எடுப்பது. ஈரத்தாளில் துளை உடனே பிளந்துவிடும். இரு கையாலும் முளைகளுக்கு அருகில் பிடித்து நேராக மேலே தூக்குங்கள். ஏற்கெனவே பிளந்தது என்றால் துளை போட்ட ஒரு துண்டுப் பட்டையைப் பெக்கில் மாட்டி, அதன் மேல் படத்தாளை ஒளியில் பொருத்தி ஒட்டிவிடலாம்.

ஸ்கேன் செய்வதையும் ஒரு காட்சியை ஒரே நாளில் முடித்துவிடுங்கள். கண்ணாடி ஓரத்தில் பெக் பாரை டேப்பால் ஒட்டி 300 டிபிஐ-யில் எடுத்தால் போதும். 2016 முதல் இலவசமாகக் கிடைக்கும் ஓப்பன்டூன்ஸ் மென்பொருள், துளைகளைப் பார்த்துப் படத்தைத் தானே நேராக்கும். துளை கிழிந்திருந்தால் அதுவும் ஏமாந்துபோகும்.

பன்னிரண்டாவது முடித்திருக்கிறேன். சென்னைக்கோ ஹைதராபாத்துக்கோ போவதற்கு முன் வீட்டிலேயே பழக வேண்டும். பெக் பார், லைட் பாக்ஸ் வாங்க வசதியில்லை.
— நகரி வாசகர்

ஆபீசில் ஃபைலுக்குத் துளை போடும் சாதாரண பஞ்ச் போதும். அதன் துளைகள் சுமார் 6 மி.மீ. விட்டம், மையத்துக்கு மையம் 80 மி.மீ. 30 செ.மீ. நீள மெல்லிய பலகைப் பட்டை ஒன்றில், ஸ்கேலை நம்பாமல் பஞ்ச் பண்ணிய தாளையே வைத்துக் குறியிட்டு 6 மி.மீ. அலுமினியக் கம்பித் துண்டு இரண்டை இறக்கி அரால்டைட் போடுங்கள். வெளியே 4, 5 மி.மீ. நீட்டிக்கொண்டிருந்தால் போதும். இறுக்கமாக இருந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்க்கலாம். இரண்டும் உருண்டை முளை என்பதால் தாள் கொஞ்சம் ஆடத்தான் செய்யும்; ஒவ்வொரு தாளையும் மாட்டியதும் இடப்பக்கம் தள்ளிவிட்டு வரையுங்கள். எப்போதும் அதே பக்கம். படம் எடுக்கும்போதும் அப்படியே.

லைட் பாக்ஸுக்கு 5 மி.மீ. பால்வெள்ளை அக்ரிலிக், அடியில் 8, 10 செ.மீ. தள்ளி எல்ஈடி பட்டை. கிட்டே வைத்தால் தாளில் வரி வரியாக வெளிச்சம் விழும். அடாப்டரைப் பெட்டிக்கு வெளியே வையுங்கள், சூடாகும். தாள் 75 ஜிஎஸ்எம் ஏ4 தாராளம்.

புத்தக அடுக்கின் மேல் செல்போனைக் கவிழ்த்து வைத்து, ஃபோகஸையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட்டு எடுங்கள். பூட்டாவிட்டால் ஒவ்வொரு படமும் ஒரு வெளிச்சத்தில் வந்து மின்னும். முதலில் கடிகாரப் பெண்டுலம், அப்புறம் துள்ளும் பந்து, அப்புறம் கண் சிமிட்டல். சூப்பர் ஹீரோ சண்டை இப்போது வேண்டாம்.

எக்ஸ்-ஷீட்டில் படம் ஒன்று கூடிவிட்டது. பின்னால் உள்ள எண்களையெல்லாம் மாற்றி எழுதினேன், கத்தினார்கள். ஏன்?
— பயிற்சி மாணவி, ஆரம்பாக்கம்

எந்த ஃபிரேமில் எந்தப் படம் என்று எழுதும் பட்டியல்தான் எக்ஸ்-ஷீட். அதில் ஒரு வரி ஒரு ஃபிரேம். ஒவ்வொரு பத்தியும் ஒரு அடுக்கு. நீங்கள் மாற்றிய எண்கள் அந்தத் தாளில் மட்டும் இல்லை. ஸ்கேன் கோப்பிலும், கிளீன்-அப் ஃபோல்டரிலும், வண்ணம் பூசுகிறவர் பட்டியலிலும் பழையபடியே கிடக்கின்றன. இனி 14-க்குப் பின் ஒரு படம் கூடினால் அது 14ஏ. குறைந்தால் அந்த எண் காலியாக இருக்கட்டும், இன்னொன்றுக்குக் கொடுக்காதீர்கள். ஷீட்டில் திருத்துவது அனிமேட்டர் வேலை. நீங்கள் பென்சிலில் ஒரு குறிப்பு எழுதி அவர் மேசையில் வைத்தால் போதும்.

ஸ்டைபண்ட் (பயிற்சிக்கால உதவித்தொகை) பற்றிக் கேட்டால் வாய்ப்புப் போய்விடுமோ என்று பயம். சேர்வதற்கு முன் எதையெல்லாம் கேட்கலாம்?
— பாறசாலை வாசகர்

கேளுங்கள், தாளில் வாங்குங்கள். எத்தனை மாதம், மாதம் எவ்வளவு, எந்தத் தேதியில், இரவு வேலை உண்டா, சான்றிதழில் என்ன வேலை என்று எழுதுவார்கள் என்பதெல்லாம் கடிதத்தில் இருக்கட்டும். 'திருப்தியாக இருந்தால் பிறகு பார்க்கலாம்' என்பது ஸ்டைபண்ட் இல்லை என்பதன் மரியாதையான வடிவம். அப்படியும் சேர்வதென்றால் மூன்று மாதத்துக்கு மேல் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

பலர் மறந்துவிடுவது இன்னொன்று. அங்கே நீங்கள் வரைந்த தாள்கள் ஸ்டுடியோவுக்குச் சொந்தம். படம் வெளிவரும் முன் செல்போனில் எடுத்து இன்ஸ்டாவில் போட்டால் அன்றோடு பயிற்சி முடிந்தது. அடுத்த இடத்தில் காட்ட எந்தக் காட்சியின் லைன் டெஸ்ட்டை (கோட்டுப் படங்களை ஓட்டிப் பார்க்கும் சோதனை வீடியோ), எப்போதிலிருந்து பயன்படுத்தலாம் என்று சூப்பர்வைசரிடம் கேட்டு மின்னஞ்சலில் அனுமதி வாங்கிவிடுங்கள். கடைசி நாள் வரை இதைத் தள்ளிப்போட்டால் அன்றைக்கு அவர் லீவில் இருப்பார்.