நோ பார்க்கிங் பலகைக்குக் கீழே தீயணைப்பு வண்டி: கேள்வி பதில்

அவசர ஊர்திகளுக்குப் பார்க்கிங் விதிகளிலிருந்து விலக்கு வேண்டுமா என்று கேட்டு வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். நான் தீயணைப்புத் துறையில் நிலைய அலுவலராக இருந்து ஓய்வு பெற்றவன். எந்தப் பக்கம் சாய்வேன் என்று ஊகித்திருப்பீர்கள். சில பதில்கள் என் பழைய சகாக்களுக்கே பிடிக்காமல் போகலாம்.

கேள்வி (தாம்பரம்): ஐயா, எங்கள் தெருமுனை டீக்கடைக்கு எதிரே நோ பார்க்கிங் பலகை இருக்கிறது. தினமும் அங்கே 108 ஆம்புலன்ஸ் நிற்கிறது. ஊழியர்கள் டீ குடிக்கிறார்கள். அதே இடத்தில் ஐந்து நிமிடம் நிறுத்திய என் ஸ்கூட்டருக்கு அபராதம். சட்டம் ஆளுக்கொன்றா?

பதில்: டீயை விட்டுவிடுங்கள், இடத்தைப் பேசுவோம். தமிழ்நாட்டில் 108 சேவை 2008-இல் தொடங்கியது. அந்த வண்டிகள் எல்லாமே மருத்துவமனை வாசலிலிருந்து புறப்படுவதில்லை. விபத்து அதிகம் நடக்கும் சாலைகளுக்குப் பக்கத்தில் காத்திருக்கச் சொல்லித்தான் பலவற்றை நிறுத்துகிறார்கள். பைலட் என்று அழைக்கப்படும் ஓட்டுநரும் மருத்துவ உதவியாளரும் பணி முடியும்வரை வண்டியை விட்டு நகர முடியாது. அழைப்பு வந்தால் பாதி டம்ளரை வைத்துவிட்டு ஏற வேண்டும். டீக்கடை எதிரே நிற்பதைச் சோம்பேறித்தனம் என்று எண்ணாதீர்கள், அவர்கள் வேலையில்தான் இருக்கிறார்கள்.

ஆனால் காத்திருக்கும் வண்டிக்கு வளைவோ, பஸ் நிறுத்தமோ, பாதசாரிகள் கடக்கும் கோடோ தேவையில்லை. நோயாளியை ஏற்றும்போது எங்கே வேண்டுமானாலும் நிற்கட்டும். காத்திருக்கும் நேரத்தில் அந்தச் சலுகையைக் கேட்பது முறையல்ல. உங்கள் தெருமுனையில் நகராட்சியோ மாநகராட்சியோ ஒரு கட்டம் வரைந்து ‘ஆம்புலன்ஸ் மட்டும்’ என்று எழுதிவிட்டால் உங்கள் புகாரும் தீரும், அவர்கள் சங்கடமும் தீரும். ஸ்கூட்டர் அபராதத்தைக் கட்டிவிடுங்கள்.

கேள்வி (சட்டக் கல்லூரி மாணவி, திருச்சி): இந்தியச் சட்டத்தில் அவசர ஊர்திகளுக்கு எவ்வளவு தூரம் விலக்கு உண்டு, சார்?

பதில்: ஓடும் வண்டியைப் பற்றிச் சட்டம் தெளிவாகப் பேசுகிறது. 2017-ஆம் ஆண்டின் மோட்டார் வாகன ஓட்டுதல் ஒழுங்குமுறைகள், உயிரையோ உடைமையையோ காக்க விரையும் ஊர்தி சைரனும் சுழல்விளக்கும் இயங்கும் நிலையில் சிவப்பு விளக்கைத் தாண்டலாம், வேக வரம்பை மீறலாம், ஒருவழிப் பாதையில் எதிர்த்திசையில் போகலாம் என்கின்றன. அதையும் எச்சரிக்கையோடு செய்ய வேண்டும் என்று கடிவாளம் போட்டிருக்கிறார்கள். வழிவிடாதவர்களுக்கு 2019-ஆம் ஆண்டுத் திருத்தம் 194E என்ற பிரிவைச் சேர்த்தது. ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும்.

நிற்கும் வண்டியைப் பற்றி இவ்வளவு விரிவான பேச்சு கிடையாது. வேலைக்காக நிறுத்திய வண்டியைக் காவலர் கேள்வி கேட்பதில்லை என்ற வழக்கத்தில்தான் எல்லாம் ஓடுகிறது. நியூயார்க் மாநிலச் சட்டத்தைப் பாருங்கள். அவசரப் பணியில் ஈடுபட்டிருக்கும் ஊர்தி, விதிகள் எப்படி இருந்தாலும் நிற்கலாம், நிறுத்தி வைக்கலாம் என்று நேராகவே எழுதியிருக்கிறார்கள். ‘பணியில் ஈடுபட்டிருக்கும்’ என்பதுதான் அதில் உயிர்நாடி. நாமும் அதே நிபந்தனையோடு எழுதிக்கொள்ள வேண்டும். வழக்கத்தின் பேரில் ஓடும் சலுகைக்கு எல்லை இல்லாததால்தான் அடுத்து வரும் கேள்விகளில் பாதி எழுகின்றன.

கேள்வி (மதுரை): எங்கள் கடைவீதியில் சின்னத் தீ விபத்து. ஓரத்தில் இடம் இருந்தும் தீயணைப்பு வண்டியை நடுச்சாலையில் நிறுத்தினார்கள். இரண்டு மணி நேரம் போக்குவரத்து நின்றது. கொஞ்சம் ஒதுங்கி நிறுத்தினால் என்ன?

பதில்: இந்தக் கேள்விக்காகவே காத்திருந்தேன்.

தீயணைப்பு வண்டி வந்து சேர்ந்த பிறகுதான் வேலையே தொடங்குகிறது. வண்டியின் இன்ஜின் சக்தியில்தான் பம்ப் ஓடும், ஆகவே இன்ஜினை அணைக்க முடியாது. பெரும்பாலான வண்டிகளில் பம்ப் பின்பக்கம் இருக்கிறது. அங்கே ஒருவர் நின்று அழுத்தமானியைப் பார்த்துக்கொண்டே வால்வைத் திருப்ப வேண்டும். பக்கவாட்டு அறைகளில் ஹோஸ் குழாய்கள், நாசில்கள், மூச்சுக்கருவிகள். கதவை மேலே தூக்கினால்தான் அவற்றை எடுக்கலாம். சுவரை ஒட்டி நிறுத்தினால் அந்தப் பக்கத்து அறை இருந்தும் இல்லாததுதான்.

அடுத்தது தண்ணீர். வழக்கமான வண்டியில் 4,500 லிட்டர் பிடிக்கும். கேட்கப் பெரிதாக இருக்கும், முழுவீச்சில் பீய்ச்சினால் சில நிமிடங்களில் தீர்ந்துவிடும். பின்னாலேயே டேங்கர் லாரி வந்து ஊற்ற வேண்டும், காலியான லாரி திரும்பிப் போக வேண்டும், அடுத்தது உள்ளே நுழைய வேண்டும். நீங்கள் பார்த்த ‘காலி இடம்’ பெரும்பாலும் அந்த லாரிக்காக விட்டு வைத்ததாக இருக்கும்.

எரியும் கட்டடத்தின் முன்சுவர் வெளிப்பக்கம் சரியலாம், கண்ணாடி உதிரலாம். மேலே மின்கம்பி போகலாம். உயர ஏணி வண்டியாக இருந்தால் பக்கத்துக்கு இரண்டாகத் தாங்குகால்களை விரித்துத் தரையில் ஊன்ற வேண்டும், கீழே சாக்கடை மூடி இருந்தால் அந்த இடம் உதவாது. நெடுஞ்சாலை விபத்தில் வேண்டுமென்றே வண்டியைக் குறுக்காக நிறுத்துவோம். நசுங்கிய காருக்குள்ளிருந்து ஆளை வெட்டி எடுக்கும்போது பின்னால் வரும் லாரி எங்கள் மேல் ஏறாமல் இருக்க அந்த வண்டிதான் அரண்.

ஆகவே பணி நடக்கும்போது நிறுத்தும் இடத்தைத் தீர்மானிக்கும் உரிமை களத்தில் இருக்கும் அதிகாரிக்கு மட்டுமே இருக்க வேண்டும். இதில் நான் ஓர் அங்குலமும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தீ அணைந்து, குழாய்களைச் சுருட்டி ஏற்றிய பிறகும் வண்டி நடுச்சாலையிலேயே நின்றால், அப்போது வந்து கேளுங்கள்.

கேள்வி (கோவை): போலீஸ் ரோந்து வண்டி தினமும் இரவு ஹோட்டல் வாசலில் இரட்டை வரிசையில் நிற்கிறது. பார்சல் வாங்குகிறார்கள். இதுவும் அவசரமா?

பதில்: இல்லை. பசி எல்லோருக்கும் உண்டு, ஓரமாக நிறுத்திவிட்டு நடந்து போய் வாங்கலாம். அபராதம் விதிக்கிற துறையின் வண்டியே விதியை மீறினால், அடுத்த முறை உண்மையான அவசரத்தில் நிற்கும் ஆம்புலன்ஸையும் மக்கள் சந்தேகத்தோடு பார்ப்பார்கள். எனக்கு அதுதான் பெரிய கவலை.

கேள்வி (மருத்துவர், சென்னை): நள்ளிரவில் அவசர அறுவை சிகிச்சைக்கு அழைக்கிறார்கள். என் காரில் மருத்துவர் ஸ்டிக்கர் இருக்கிறது. நோ பார்க்கிங்கில் நிறுத்தினால் தவறா?

பதில்: உங்கள் பணி அவசரமானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த ஸ்டிக்கர் நீங்கள் சினிமாவுக்குப் போகும்போதும் காரில்தானே இருக்கும்? 2024 மே மாதம் சென்னைப் போக்குவரத்துக் காவல்துறை, தனியார் வாகனங்களில் துறைப் பெயர்களையும் சின்னங்களையும் ஒட்டுபவர்கள் மீது நடவடிக்கை எடுக்கத் தொடங்கியதற்கு இந்தக் குழப்பம்தான் காரணம். நியூயார்க் நகரிலும் அதிகாரிகள் சொந்தக் காரின் முன்கண்ணாடியில் அனுமதி அட்டையை வைத்துக்கொண்டு நடைபாதையிலும் பஸ் தடத்திலும் நிறுத்துவது தீராத தலைவலி. அவசரத்துக்கு அழைக்கும் மருத்துவமனை, அழைத்தவருக்கு வளாகத்துக்குள் இரண்டு இடம் ஒதுக்க வேண்டும். அதை நிர்வாகத்திடம் கேளுங்கள்.

கேள்வி (சேலம்): அரசு மருத்துவமனைக்கு எதிரே தனியார் ஆம்புலன்ஸ்கள் வரிசையாக நிற்கின்றன. நோயாளியை இறக்கவே வழியில்லை.

பதில்: அது ஸ்டாண்டு. வாடகைக்கு ஆள் தேடி நிற்கும் ஆம்னி வேனுக்கு மேலே சிவப்போ நீலமோ விளக்கு இருப்பதால் அது அவசர ஊர்தி ஆகிவிடாது. சவாரிக்குக் காத்திருக்கும் ஆட்டோவுக்கு என்ன விதியோ அதே விதி. அவர்கள் பிழைப்பைக் கெடுக்கச் சொல்லவில்லை, வாசலிலிருந்து தள்ளி இடம் கொடுத்து, அழைத்தால் வரும்படி செய்யலாம். அவசரச் சிகிச்சைப் பிரிவின் வாசலை ஆம்புலன்ஸே அடைப்பதைவிடக் கொடுமை வேறில்லை.

கேள்வி (ஈரோடு): மின்வாரிய வண்டி, அமரர் ஊர்தி?

பதில்: அறுந்த கம்பியைச் சரிசெய்யும்போது மின்வாரிய வண்டிக்கு நிச்சயம் விலக்கு வேண்டும். அமரர் ஊர்திக்கு மரியாதை உண்டு, அவசரம் கிடையாது.

கேள்வி (திருநெல்வேலி): பணியில் இருக்கும் ஆம்புலன்ஸுக்குக் கேமரா மூலம் அபராதச் சீட்டு வந்தால் ஓட்டுநர் கட்ட வேண்டுமா?

பதில்: கட்டக்கூடாது, கட்டவைக்கவும் கூடாது. ஒவ்வொரு அழைப்புக்கும் நேரமும் இடமும் பதிவாகின்றன. அந்த நேரத்தில் அந்த இடத்தில் அழைப்பு இருந்ததா என்று பார்த்துவிட்டு, இருந்தால் துறையே எழுதி ரத்து செய்ய வேண்டும். அழைப்பே இல்லை என்றால் ஓட்டுநர் கட்டட்டும். ஓட்டுநரை அலுவலகம் அலுவலகமாக அலையவிட்டால் அடுத்த முறை நோயாளியின் வீட்டு வாசலில் நிறுத்த யோசிப்பார், ஸ்ட்ரெச்சரை நூறடி தள்ளிக்கொண்டு போவார்.

கேள்வி (சென்னை): என் கார் வழியை மறித்தால் தீயணைப்பு வீரர்கள் அதை உடைக்கலாமா?

பதில்: அமெரிக்க நகரங்களில் தீயணைப்பு நீர்க்குழாயை மறித்து நின்ற காரின் இரண்டு பக்கக் கண்ணாடிகளையும் உடைத்து, ஹோஸைக் குறுக்கே செருகிய படங்களைப் பார்த்திருப்பீர்கள். நியூயார்க்கில் அந்தக் குழாயிலிருந்து 15 அடிக்குள் நிறுத்தவே கூடாது. இங்கே 1985-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுத் தீயணைப்புப் பணிச் சட்டம், தீ விபத்து நடக்கும் இடத்தில் தெருவை மூடவும் தடையை அகற்றவும் உடைத்து நுழையவும் அதிகாரம் தருகிறது. சேதம் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும்.

இன்னும் பழைய சான்று ஒன்று சொல்கிறேன். 1860-ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் 81-ஆம் பிரிவு, பெரிய தீங்கைத் தடுக்க நல்லெண்ணத்தோடு சிறிய தீங்கைச் செய்வது குற்றமாகாது என்றது. அதற்கு அவர்கள் கொடுத்த எடுத்துக்காட்டே தீ விபத்துதான்: தீ பரவாமல் இருக்க ஒருவன் வீடுகளை இடித்துத் தள்ளுகிறான், உயிரையும் உடைமையையும் காக்கவே செய்தான் என்றால் அவன் குற்றவாளி அல்ல. இன்றைய பாரதிய நியாய சன்ஹிதாவிலும் அது 19-ஆம் பிரிவாகத் தொடர்கிறது. வீட்டையே இடிக்கலாம் என்றால் கார் கண்ணாடி எம்மாத்திரம்?

கேள்வி (குடியிருப்போர் சங்கச் செயலாளர், வேளச்சேரி): எங்கள் வளாகத்தில் ‘தீயணைப்பு வண்டிப் பாதை’ என்று வரைந்த இடத்தில் விருந்தினர் கார்களை நிறுத்துகிறோம். தேவைப்பட்டால் எடுத்துவிடலாம்தானே?

பதில்: சாவி யாரிடம் இருக்கும்? அதிகாலை மூன்று மணிக்குப் புகையில் இருமிக்கொண்டு மாடிப்படி இறங்குகிறவர், ‘ஏழாம் மாடி விருந்தினர் கார் எது’ என்று தேடுவாரா?

தேசியக் கட்டட விதித்தொகுப்பு, உயர்ந்த கட்டடத்தைச் சுற்றி 6 மீட்டர் அகலப் பாதை கேட்கிறது. அதன் தளம் 45 டன் எடையைத் தாங்க வேண்டும். ஏணி வண்டியின் எடை அப்படி. உங்கள் பாதையில் அலங்காரக் கல் பதித்து, பூந்தொட்டி வைத்து, வாசலில் தாழ்வான வளைவு கட்டியிருந்தால் அவையும் காரைப் போலவே தடைதான். டெல்லி அனாஜ் மண்டியில் 2019 டிசம்பர் 8 அன்று நடந்த தீ விபத்தில் 43 பேர் இறந்தார்கள். சந்து குறுகியது, வண்டிகள் கட்டடத்தை நெருங்க முடியவில்லை. மயங்கியவர்களைத் தோளில் சுமந்துதான் வெளியே கொண்டுவந்தார்கள். அவர்களுக்கு அந்தச் சந்துதான் வாய்த்தது. உங்களுக்கு 6 மீட்டர் பாதை இருக்கிறது.

கேள்வி (மயிலாப்பூர்): எங்கள் தெரு இருபதடி. இரண்டு பக்கமும் கார்கள். தீயணைப்பு வண்டி நுழையுமா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: கணக்கு எளிது. இருபதடி என்றால் ஏறத்தாழ 6.1 மீட்டர். கண்ணாடியையும் சுவரிலிருந்து விடும் இடைவெளியையும் சேர்த்தால் ஒரு கார் சுமார் 2 மீட்டரை எடுத்துக்கொள்ளும். இரண்டு பக்கமும் போக மீதி 2 மீட்டர் சொச்சம். தீயணைப்பு வண்டியின் அகலமே ஏறத்தாழ 2.5 மீட்டர். நுழையாது. ஒரு பக்கம் மட்டும் நிறுத்துவதென்று தெருவாசிகள் முடிவு செய்து, மறுபக்கத்தைக் காலியாக விடுங்கள். வளைவில் இரண்டு பக்கமும் காலியாக இருக்கட்டும், வண்டி திரும்ப அதிக இடம் வேண்டும்.

பேச்சு எடுபடவில்லை என்றால், பக்கத்துத் தீயணைப்பு நிலைய அலுவலருக்கு ஒரு மனு எழுதி, ஒத்திகைக்கு வண்டியை உங்கள் தெருவுக்குள் கொண்டுவரக் கேளுங்கள். நேரமிருந்தால் வருவார்கள். ஆனால் ஒத்திகை அன்று யாரும் காரை முன்கூட்டியே எடுத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.