ஓடாத வண்டிக்கும் டயர் கிழடாகும்

வாசகர் கேள்விகள்: இருசக்கர வண்டி

கேள்வி: மகன் கத்தாரில் வேலை பார்க்கிறான். 2017 கடைசியில் எடுத்த 350 சிசி வண்டி அன்றிலிருந்து போர்ட்டிகோவில்தான் நிற்கிறது. மொத்தமே 4,000 கிலோமீட்டர் ஓடியிருக்கும். அடுத்த மாதம் லீவுக்கு வருகிறான். டயரில் பள்ளமெல்லாம் புதிதுபோல ஆழமாக இருக்கிறது. காற்று அடித்துக் கொடுத்தால் போதாதா?
– வாசகர், கருங்கல்

பதில்: போதாது. டிரெட் (ரோட்டைத் தொடும், பள்ளம் வெட்டிய பகுதி) ஆழம் சொல்வது எவ்வளவு ஓடியது என்பதை மட்டும்தான். ரப்பரின் வயது வேறு கணக்கு. டயர் செய்யும்போது ரப்பருக்குள் மெழுகும், ரப்பரை வெடிக்க வைக்கும் ஓசோன் வாயுவைத் தடுக்கும் மருந்தும் கலக்கிறார்கள். வண்டி ஓடி, டயர் வளைந்து நிமிரும்போதுதான் அவை மெல்ல மேற்பரப்புக்கு வந்து காப்புப் பூச்சாக நிற்கும். சும்மா நிற்கும் டயரில் அந்த வேலை சரியாக நடப்பதில்லை. போதாக்குறைக்கு, ஓசோன் தாக்குவது இழுபட்டு நிற்கும் ரப்பரை. காற்றிறங்கிய டயரின் பக்கச்சுவர் மாதக்கணக்கில் ஒரே இடத்தில் மடிந்து நின்றால், வெடிப்பு முதலில் விழுவது அந்த மடிப்பில்தான்.

முதலில் தேதியைப் பாருங்கள். பக்கச்சுவரில் சின்ன நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கம் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 4117 என்றால் 2017-ன் 41-வது வாரம், அதாவது அக்டோபர். பெரும்பாலும் ஒரு பக்கத்தில் மட்டுமே அச்சிட்டிருப்பார்கள். செயின் பக்கம் காணவில்லை என்றால் மறுபக்கம் தேடுங்கள். முன் டயரையும் பின் டயரையும் தனித்தனியே பார்க்க வேண்டும்.

பிறகு சென்டர் ஸ்டாண்டு போட்டு, டார்ச் அடித்துச் சக்கரத்தை மெதுவாகச் சுற்றுங்கள். பார்க்க வேண்டிய இடங்கள் மூன்று: ரிம்மை ஒட்டிய ஓரம், பக்கச்சுவரின் நடு, பள்ளத்தின் அடித்தளம். இந்த மூன்றாவதைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள். பக்கச்சுவரில் தலைமுடி போல, நகத்தில் தட்டாத கீறல் மட்டும் இருந்தால் கவனித்துக்கொண்டு ஓட்டலாம். நகம் சிக்குகிற வெடிப்பு என்றாலோ, பள்ளத்தின் அடியில் வரிசையாக வெடிப்பு ஓடினாலோ டயரை மாற்றுங்கள். உள்ளே நூல் தெரிந்தால் கடை வரைக்கும்கூட ஓட்ட வேண்டாம், குட்டி யானையில் ஏற்றிக் கொண்டுபோங்கள். கடைசியாக டிரெட்டில் கட்டைவிரல் நகத்தை அழுத்திப் பாருங்கள். நல்ல ரப்பர் கொஞ்சம் அமுங்கி மீளும். நகம் வழுக்கினால் ரப்பர் இறுகிவிட்டது. வெடிப்பே இல்லாவிட்டாலும் அந்த டயர் ஈர ரோட்டில் பிடிக்காது.

தயாரித்து 5 ஆண்டு ஆனபின் ஆண்டுக்கொரு முறை தெரிந்தவரிடம் காட்டுவது, பார்க்க நன்றாக இருந்தாலும் 10 ஆண்டில் மாற்றிவிடுவது: இது டயர் நிறுவனங்கள் பொதுவாகச் சொல்லும் கணக்கு. 10 என்பது கடைசி எல்லை, உத்தரவாதம் இல்லை. பாதி நாள் வெயில் விழும் போர்ட்டிகோவில் நின்ற டயரை 6, 7 ஆண்டிலேயே மாற்றுவது நல்லது என்பது எங்கள் எண்ணம். உங்கள் வண்டிக்கு இரண்டு டயரையும் மாற்றிவிடுங்கள். கம்பிச் சக்கரம் என்றால் ட்யூபும் ரிம் டேப்பும் சேர்த்துப் புதிதாகப் போடச் சொல்லுங்கள். பழைய ட்யூப் வால்வின் அடியில்தான் கிழியும். கடற்காற்று அடிக்கும் ஊர் என்பதால், டயரைக் கழற்றும்போது ரிம்மின் உட்பக்கத் துருவைத் தேய்த்து எடுக்காமல் புது ட்யூபை ஏற்ற விடாதீர்கள்.

மகன் திரும்பிப் போனபின் வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, காற்றை முழு அளவில் வைத்து, மாதம் ஒருமுறை சக்கரத்தைத் திருப்பி வைத்தால் புது டயர் நெடுநாள் வரும். பக்கத்தில் வெல்டிங் செட் வைத்து வேலை செய்ய வேண்டாம், அதன் பொறியில் ஓசோன் உண்டாகும்.

கேள்வி: ரப்பர் ஷீட் கட்டும் ஒட்டுப்பால் மூட்டையும் ஏற்றிக் குலசேகரம் போய்வரும் 100 சிசி வண்டி. பின் டயர் நடுவில் தட்டையாகிவிட்டது, ஓரத்தில் டிரெட் நிறைய இருக்கிறது. இந்த மழையைத் தாட்டிவிடலாமா?
– வாசகர், பேச்சிப்பாறை

பதில்: ஓரத்து டிரெட்டைக் கணக்கில் சேர்க்காதீர்கள். நேராகப் போகும்போது ரோட்டைத் தொடுவது நடுப்பகுதி. பக்கச்சுவரின் மேல்விளிம்பில் சின்ன முக்கோணமோ ‘டி.டபிள்யூ.ஐ.’ என்ற ஆங்கில எழுத்துகளோ இருக்கும். அதற்கு நேரே பள்ளத்துக்குள் ஒரு குறுக்கு மேடு தெரியும். டிரெட் தேய்ந்து அந்த மேட்டின் மட்டத்துக்கு வந்துவிட்டால் டயர் முடிந்தது. இருசக்கர வண்டிக்கு மோட்டார் வாகன விதி கேட்கும் குறைந்தபட்ச ஆழம் 0.8 மில்லிமீட்டர். கேஜ் இல்லாவிட்டால் தீக்குச்சியின் மருந்தில்லாத முனையைப் பள்ளத்தில் நட்டு, நகத்தால் அடையாளமிட்டு ஸ்கேலில் அளக்கலாம். குறுக்கு மேட்டின் மேல் குச்சியை வைத்துவிடாதீர்கள், அளவு குறைத்துக் காட்டும்.

சட்டம் 0.8 என்றாலும், ஜூனிலும் அக்டோபரிலும் இரண்டு பருவமழை பெய்யும் மாவட்டத்தில் அது போதாது. மே மாதக் கடைசியில் நடுவில் 2 மில்லிமீட்டருக்குக் குறைவாக இருந்தால் மழைக்கு முன்பே மாற்றுங்கள். தண்ணீரை வெளியே தள்ளுவது பள்ளத்தின் வேலை. எஸ்டேட் இறக்கத்தில் ஈரச் சருகும் செம்மண் சேறும் சேரும் இடத்தில் மொட்டை டயருக்குப் பிடிமானமே கிடையாது. நடு தட்டையான டயருக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. வளைவில் சாய்க்கும்போது தட்டையின் விளிம்பைத் தாண்டும் இடத்தில் வண்டி திடீரென்று உள்ளே விழுவது போலப் போகும். பாரம் இருக்கும்போது அது இன்னும் மோசம்.

பாரத்தையும் எண்ணிப் பாருங்கள். டயர் அளவுக்குப் பக்கத்தில் 48P என்று இருந்தால், சரியான காற்றில் அந்த ஒரு டயர் தாங்குவது 180 கிலோ, வேக எல்லை 150 கிலோமீட்டர். 41 என்றால் 145 கிலோதான். வண்டியின் பின்பாதி எடை, நீங்கள், மூட்டை எல்லாம் அதற்குள் அடங்க வேண்டும். செயின் கவரிலோ பின் சக்கரத்தைத் தாங்கும் ஸ்விங் ஆர்மிலோ ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் இரண்டு ஆள் போகும்போது வைக்க வேண்டிய காற்றளவு இருக்கும். பாரம் ஏற்றும் நாளில் அந்த அளவை, டயர் சூடாகும் முன் காலையிலேயே பிடியுங்கள்.

கேள்வி: வாட்டர் வாஷில் டயருக்கு பாலிஷ் அடித்துக் கொடுக்கிறார்கள். வெடிப்பு வராமல் தடுக்குமா?
– வாசகி, நாகர்கோவில்

பதில்: தடுக்காது, வெடிப்பை மறைக்கும். பெட்ரோலியம் கலந்தது என்றால் ரப்பரின் காப்பு மெழுகையே கரைத்துவிடும். டிரெட்டில் ஒரு சொட்டு பட்டாலும் முதல் வளைவிலேயே வழுக்கும். சோப்புத் தண்ணீரும் பிரஷும் போதும். டயரில் படரும் பழுப்பு நிறம் அந்தக் காப்பு மருந்து வெளியே வந்திருப்பதன் அடையாளம், அழுக்கு என்று சுரண்ட வேண்டாம்.

கேள்வி: புது டயர் வாங்கும்போது எதைப் பார்ப்பது? ரீட்ரெட் போட்டால் பணம் மிச்சம் என்கிறார் ஒருவர்.
– வாசகர், மார்த்தாண்டம்

பதில்: ரீட்ரெட், அதாவது பழைய டயரில் புது டிரெட் ஒட்டுவது, லாரிக்குச் சரி. பைக் சாய்ந்து திரும்பும் வண்டி, ஒட்டுப் பிரிந்தால் தாங்கிப் பிடிக்க வேறு சக்கரம் இல்லை. வேண்டாம்.

புது டயரில் ஐ.எஸ்.ஐ. முத்திரை, உங்கள் வண்டிக்குரிய அளவு, பாரக் குறியீடு, தேதி நான்கையும் பில் போடும் முன்பே பாருங்கள். ஓராண்டுக்குள் என்றால் தாராளமாக வாங்கலாம். இரண்டாண்டு ஆனது என்றால் விலை குறைத்துக் கேளுங்கள். மூன்றாண்டு தாண்டியதை வாங்காதீர்கள். மாட்டும்போது பக்கச்சுவரின் அம்பு, சக்கரம் சுழலும் திசையைக் காட்ட வேண்டும். சில டயரில் முன்னுக்கு ஒரு அம்பு, பின்னுக்கு எதிர்த்திசையில் ஒரு அம்பு என்று இரண்டு இருக்கும். அவசரத்தில் மாற்றி மாட்டிவிடுவார்கள், பக்கத்தில் நின்று பாருங்கள். புது டயரின் மேல்தோல் வழவழப்பாக இருக்கும். முதல் 150 கிலோமீட்டருக்குச் சாய்த்துத் திருப்புவதும் திடீர் பிரேக்கும் வேண்டாம்.

கேள்வி: குழியில் இறங்கிய பின் முன் டயரின் பக்கத்தில் எலுமிச்சை அளவு புடைப்பு. டயர் வாங்கி 8 மாதம்தான் ஆகிறது. பஞ்சர் கடையில் ஒட்டலாமா?
– வாசகர், வடசேரி

பதில்: ஒட்ட முடியாது. உள்ளே நூல் அறுந்து, காற்று வெறும் ரப்பரைத் தள்ளிக்கொண்டிருக்கிறது. எப்போது வெடிக்கும் என்று சொல்ல முடியாது, அதுவும் முன் சக்கரம். டயரை இன்றே மாற்றுங்கள், ரிம் நெளிந்திருக்கிறதா என்று சுற்றிப் பார்க்கச் சொல்லுங்கள். ட்யூப்லெஸ் டயரில் பஞ்சர் ஒட்டுவதெல்லாம் டிரெட் பகுதியில், 6 மில்லிமீட்டருக்குள் இருக்கும் ஆணி ஓட்டைக்கு மட்டும்தான்.