அரசு ஆஸ்பத்திரியில் இருக்கும் நம் நோய் விவரம் யார் யாருக்குப் போகும்?

அரசு மருத்துவமனைப் பதிவேட்டுப் பிரிவில் வேலை பார்த்தவன் என்பதால் இந்தப் பக்கம் கேள்விகள் வந்துகொண்டே இருக்கின்றன. தெரிந்ததைச் சொல்கிறேன்.

கே: சார், ஆபா எண் இல்லை என்றால் ஓ.பி. சீட்டே கிடையாது என்கிறார்கள். கட்டாயமா?

இல்லை. ஆபா என்பது நம் மருத்துவப் பதிவுகளை இணைக்க மத்திய அரசு தரும் 14 இலக்க எண், விருப்பப்பட்டால் எடுத்துக்கொள்வதுதான். 2021 செப்டம்பரில் நாடு முழுக்கக் கொண்டுவந்த திட்டத்திலேயே அப்படித்தான் இருக்கிறது. வைத்திருந்தால் க்யூஆர் ஸ்கேன் செய்து சீட்டை சீக்கிரம் வாங்கலாம், அது உண்மைதான். இல்லாதவரைத் திருப்பி அனுப்பக் கூடாது. ஆனால் ஒன்று, கோவிட் ஊசிக்கு ஆதார் காட்டியவர்களில் பலருக்கு யாரும் கேட்காமலேயே இந்த எண் உருவாகிவிட்டது, அதனால் உங்களுக்கும் ஏற்கெனவே இருக்கிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள். எண் இருப்பதாலேயே உங்கள் ரிப்போர்ட் எல்லாம் டெல்லிக்குப் போய்விடாது, அவை அந்தந்த ஆஸ்பத்திரியில்தான் இருக்கும், வேறு டாக்டர் பார்க்க வேண்டுமானால் உங்கள் சம்மதம் வேண்டும். எதை, எத்தனை நாளைக்குக் காட்டலாம் என்று ஆபா ஆப்பிலேயே குறிக்கலாம், பிறகு ரத்தும் செய்யலாம்.

கே: சம்மதம், ஓடிபி எல்லாம் இருந்தும் கோவின் (கோவிட் ஊசிப் பதிவுத் தளம்) விவரம் வெளியே வந்ததே?

வந்தது. 2023 ஜூனில் டெலிகிராமில் ஒரு பாட் (தானாகப் பதில் தரும் நிரல்), செல் நம்பரைப் போட்டால் பெயர், அடையாள அட்டை எண், ஊசி போட்ட இடம் எல்லாவற்றையும் கொடுத்தது. தளம் பாதுகாப்பாகத்தான் இருக்கிறது என்றது அரசு. பொதுமக்கள் ஓடிபி போட்டுத்தான் உள்ளே போக முடியும், சரி, ஆனால் ஊசி போடும் ஊழியருக்கும் லாகின் உண்டே? என் அனுபவத்தில் ஹேக்கரை விட, கம்ப்யூட்டர் பக்கத்தில் சீட்டில் எழுதி ஒட்டியிருக்கும் பாஸ்வேர்டுதான் பெரிய தலைவலி. ஒரே லாகினை நாலு பேர் பயன்படுத்தினால் யார் பார்த்தார்கள் என்று அப்புறம் எப்படிக் கண்டுபிடிப்பது?

கே: ஏ.ஆர்.டி. சென்டரில் எச்ஐவி மருந்து வாங்குகிறேன். ஆபீசுக்குத் தெரிந்துவிடுமோ என்று பயம்.

இந்தியாவில் நோயாளியின் ரகசியத்துக்கு உருப்படியான சட்டம் இருப்பது உங்கள் விஷயத்தில்தான். 2017இல் வந்த எச்ஐவி தடுப்புச் சட்டம், 2018 செப்டம்பரிலிருந்து அமலில் இருக்கிறது. உங்கள் எழுத்துபூர்வ சம்மதம் இல்லாமல் யாரும் வெளியே சொல்லக் கூடாது. கோர்ட் உத்தரவு, உங்களுக்குச் சிகிச்சை தரும் மருத்துவர்களுக்குள் பகிர்வது போன்ற சில விலக்குகள் உண்டு, அந்தப் பட்டியலில் முதலாளி இல்லை. வழக்கு என்று போனாலும் பெயரை மறைத்து நடத்தக் கேட்கலாம். மீறினால் மாநில ஆம்புட்ஸ்மேனிடம் (இந்தச் சட்டப்படி புகாரை விசாரிப்பவர்) புகார் கொடுங்கள். மனநலச் சிகிச்சைக்கும் 2017ஆம் ஆண்டுச் சட்டத்தில் இதே மாதிரி ரகசியப் பாதுகாப்பு இருக்கிறது.

கே: பங்காளி தகராறு. என் சிகிச்சை விவரத்தை அவர் ஆர்டிஐ போட்டு வாங்கிவிடுவாரா?

போடலாம், கிடைக்காது. மருத்துவப் பதிவு, சிகிச்சை, எந்த ஆஸ்பத்திரிக்குப் போனீர்கள் என்பதெல்லாம் தனிப்பட்ட தகவல் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

கே: புதுத் தரவுச் சட்டம் வந்துவிட்டதே அண்ணா, இனி நஷ்டஈடு கேட்கலாம்தானே?

அவசரப்படாதீர்கள். டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2023இல் வந்தது, விதிகள் 2025 நவம்பரில்தான் வந்தன, முக்கியமான கடமைகளுக்கு அதிலிருந்து 18 மாதம் அவகாசம். அபராதம் 250 கோடி வரை என்று கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் அந்தப் பணம் அரசு கஜானாவுக்குத்தான், விவரம் கசிந்த உங்களுக்கு ஒரு பைசா வராது. அரசு உதவி, மானியம் தருவதற்காகச் சில நிலைமைகளில் சம்மதமே இல்லாமல் விவரத்தைப் பயன்படுத்தவும் இடம் வைத்திருக்கிறார்கள். நோய் விவரத்துக்கென்று தனிப் பிரிவும் கிடையாது, உங்கள் ஈமெயில் முகவரியும் காசநோய் ரிப்போர்ட்டும் சட்டத்துக்கு ஒன்றுதான். எனக்கு இதுதான் பெரிய குறை.

கே: எங்கள் தெரு சுகர், பிரஷர் லிஸ்ட் ஏதோ வாட்ஸ்அப் குரூப்பில் சுற்றுகிறது. என்ன செய்ய?

முதலில் ஸ்க்ரீன்ஷாட் எடுங்கள், ஆனால் யாருக்கும் ஃபார்வர்டு செய்யாதீர்கள். பிறகு ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவ அலுவலருக்கு எழுத்தில் புகார், நகல் மாவட்ட சுகாதார அலுவலருக்கு. வாயால் சொன்னால் அன்றைக்கே மறந்துவிடுவார்கள். லிஸ்டை யார் தயாரித்தது, குரூப்பில் யார் போட்டது, நீக்கியாயிற்றா என்று மூன்றையும் கேளுங்கள், ஒப்புகைச் சீட்டு வாங்காமல் கவுன்டரை விட்டு நகராதீர்கள். வீடு தேடி வரும் சுகாதாரப் பணியாளர் மேல் மட்டும் பாயாதீர்கள், பாவம், சொந்த போனில் லிஸ்ட் அனுப்பச் சொல்வது பெரும்பாலும் மேலே இருப்பவர்கள்தான்.