எத்தனை அலாரம் வைத்தும் ஜெபத்தில் நிலைக்க முடியவில்லை

அன்புள்ள ஐயா, ஸ்தோத்திரம்.

பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளியில் ஆசிரியையாக இருக்கிறேன். விடியற்காலை ஐந்து மணிக்கு அலாரம் வைத்து எழுந்துவிடுகிறேன். ஆனால் கண்ணை மூடினாலே இட்லிக்கு ஊற்றணும், சீருடை தேய்க்கணும் என்றுதான் மனம் ஓடுகிறது. ஒரு வருஷத்தில் வேதத்தை முடிக்கும் அட்டவணை இந்த வருஷமும் மூன்றாவது புத்தகமான லேவியராகமத்திலேயே நின்றுவிட்டது. குடும்ப ஜெபத்தில் மகன் பைபிள் ஆப் பார்ப்பதுபோல ரீல்ஸ் பார்க்கிறான். கணவர் பாட்டு முடியுமுன்னே கொட்டாவி விடுகிறார். எல்லாவற்றையும் நான் ஒருத்தியே இழுக்க வேண்டுமா? சபையின் பெண்கள் ஐக்கியத்தில் ஆளாளுக்கு "இன்றைக்கு ஆண்டவர் என்னோடு பேசினார்" என்று சாட்சி சொல்கிறார்கள். எனக்குச் சொல்ல ஒன்றுமில்லை என்பதால் இப்போது போவதுமில்லை. சங்கீதத்தையாவது வரிசையாக வாசிக்கலாமென்றால், 91 வந்ததும் மூடிவிடுகிறேன். போன வருஷம் தம்பி ஐசியூவில் கிடந்தபோது சாயங்காலம் சாயங்காலம் அதைத்தான் வாசித்தேன். அது கிடக்கட்டும். மகனை எப்படி உட்கார வைப்பது? அலாரத்தை நாலரைக்கு மாற்றினால் சரியாகுமா?

*

அன்புள்ள சகோதரிக்கு,

நாலரை வேண்டாம். தூங்குங்கள்.

"அது கிடக்கட்டும்" என்று தாண்டிப் போனீர்களே, அங்கேதான் எல்லாம் கிடக்கிறது. தம்பி பிழைத்தாரா என்று நீங்கள் எழுதவில்லை, எழுதாததிலேயே தெரிகிறது. ஆபத்து வந்தாலும் "அது உன்னை அணுகாது" என்று சொல்கிற 91ஆம் சங்கீதத்தை அவருக்காக வாசித்தீர்கள். அணுகிவிட்டது. உங்களுக்கு ஆண்டவர்மேல் கோபம், அம்மா. பழியை அலாரத்தின்மேல் போட்டிருக்கிறீர்கள்.

சகோதரன் லாசருவை அடக்கம்பண்ணி நாலு நாளானபின், பெத்தானியா ஊருக்கு வெளியே மார்த்தாள் இயேசுவிடம் என்ன சொன்னாள்? "ஆண்டவரே, நீர் இங்கேயிருந்தீரானால் என் சகோதரன் மரிக்கமாட்டான்." சற்று நேரத்தில் அவள் சகோதரி மரியாளும் வந்து அதையே சொன்னாள். இரண்டு பேரையும் இயேசு கடிந்துகொள்ளவில்லை, அழுதார். தேவாலயத்து உப்பரிகையிலிருந்து குதிக்கச் சொல்லிச் சாத்தான் அவருக்கு எடுத்துக்காட்டியதும் இதே 91தான். அந்த வசனத்தை வைத்துத் தேவனைச் சோதிக்க அவர் மறுத்துவிட்டார். அது நடந்தே தீரும் என்று நம்பிப் படித்தது உங்கள் பாசம்; தோற்றது உங்கள் ஜெபம் என்று நான் நினைக்கவில்லை.

மகன் விஷயத்தில் நான் உங்கள் பக்கம் இல்லை. ரீல்ஸ் பார்ப்பது தப்புதான். ஆனால் மாமாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசாமல், வகுப்பில் வருகைப் பதிவு எடுப்பதுபோல ஜெபம் நடக்கிற வீட்டில் அவன் வேறெங்கே பார்ப்பான்? அவனும்தான் மாமாவுக்காக ஜெபித்திருப்பான். கேட்டீர்களா?

லேவியராகமம் எங்கும் போய்விடாது. ராத்திரி 88ஆம் சங்கீதத்தை எடுங்கள், 18 வசனம்தான். பெரும்பாலான புலம்பல்கள் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடும். இது ஆறுதலே இல்லாமல் முடிகிறது, அப்படியே வேதத்திலும் இருக்கிறது. பிறகு "தேவரீர்" எல்லாம் இல்லாமல், சமையலறையில் பேசுகிற தமிழில், கேட்க வேண்டியதை அவரிடம் கேளுங்கள். தூக்கமும் பசியும் கெட்டிருந்தால் மனநல மருத்துவரையும் பாருங்கள். அது விசுவாசக் குறைவல்ல.

பெண்கள் ஐக்கியத்துக்கும் போங்கள். சாட்சி கேட்டால், "இந்த வருஷம் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை" என்று சொல்லுங்கள். அங்கே இன்னும் இரண்டு பேருக்காவது மூச்சு வரும்.