‘சப்’ என்றால் கீழே. ‘சக்சஸ்’ எப்படிக் கீழே?

கேள்வி: வங்கித் தேர்வுக்கு வீட்டிலிருந்தே படித்துவருகிறேன். ஆங்கிலச் சொல்வளப் பகுதிக்காக ‘சப்’ என்னும் முன்னொட்டு உள்ள சொற்களை ஒரு நோட்டில் சேர்க்கிறேன். அதற்குக் ‘கீழே’ என்று பொருள் போட்டிருக்கிறார்கள். சப்மரீன், சப்வே எல்லாம் புரிகிறது. ஆனால் சஃபர், சப்போர்ட், சக்சஸ் ஆகியவையும் அதே குடும்பம் என்கிறது கைடு. இவற்றில் ‘சப்’ எங்கே இருக்கிறது? வெற்றிக்கும் கீழே என்பதற்கும் என்ன உறவு? மனப்பாடம் செய்வதைத் தவிர வழி இல்லையா?
– வாசகி, தென்காசி

பதில்: வழி இருக்கிறது. அதுவும் நீங்கள் பள்ளியில் படித்த தமிழ் இலக்கணத்திலேயே இருக்கிறது.

கல்லும் சிலையும் சேர்ந்தால் கல்சிலை என்று எழுதுவதில்லை, கற்சிலை என்கிறோம். மண் குடத்தோடு சேர்ந்து மட்குடம் ஆகிறது. மரம், ‘கள்’ விகுதி ஏற்றதும் மரங்கள். வருகிற எழுத்துக்கு ஏற்ப நிற்கிற எழுத்து மாறிக்கொள்கிறது. நாவுக்கு அதுதான் எளிது. இந்தப் புணர்ச்சிதான் இச்சொற்களின் தாய்வீடான லத்தீன் மொழியிலும் நடந்தது. ‘சப்’ (sub) என்பதன் கடைசி எழுத்து பி (b). அடுத்து எஃப் வந்தால் அந்த பி, எஃப் ஆகிவிடும். சி வந்தால் சி, ஜி வந்தால் ஜி, பி (p) வந்தால் பி (p). ‘சப்’ தொலைந்துபோகவில்லை, திரிந்து நிற்கிறது.

சஃபர் (suffer) என்பதை எழுதிப் பாருங்கள், நடுவில் இரண்டு எஃப். முதல் எஃப்தான் பழைய பி (b). ‘ஃபெர்ரே’ என்றால் சுமப்பது. கீழே நின்று சுமப்பது சஃபர். சப்போர்ட் என்பதில் ‘போர்ட்டாரே’, அதுவும் சுமப்பதுதான். ஆங்கிலத்தில் தொடர்பே இல்லாதவை போலத் தோன்றும் இந்த இரண்டையும் தமிழ் ஒரே வினையில் வைத்திருக்கிறது: தாங்கு. தூண் கூரையைத் தாங்குகிறது. மனிதர் துயரத்தைத் தாங்குகிறார். இந்த ஒற்றுமையைக் கண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சி இன்னும் குறையவில்லை.

சக்சஸ் என்பதில் ‘சேடரே’, அதாவது செல்வது, மறைந்திருக்கிறது. ஒன்றை அடுத்து, அதன் காலடியை ஒட்டிச் செல்வது. அதனால்தான் சக்ஸஷன் என்றால் வாரிசுரிமை. ஒரு செயலைத் தொடர்ந்து வருவது அதன் விளைவு. முன்பு ஆங்கிலத்தில் நல்ல சக்சஸும் உண்டு, கெட்ட சக்சஸும் உண்டு. பிற்பாடுதான் அது நல்ல விளைவுக்கு, வெற்றிக்கு மட்டும் உரியதாகச் சுருங்கியது.

ஆகவே தேர்வறையில் கண் தேட வேண்டியது இரட்டை எழுத்தை. எஃப், ஜி, பி (p) இரட்டித்திருந்தால் பெரும்பாலும் துணிந்து ‘சப்’ என்று கொள்ளலாம்: சஃபிக்ஸ், சஜெஸ்ட், சப்ரஸ், சப்ளை. சூப்பர், சுப்ரீம் இரண்டிலும் ஒற்றை பி (p) தான் இருக்கிறது, கவனியுங்கள்; அவை ‘மேலே’ என்னும் எதிர்க்குடும்பம். சி இரட்டித்தாலும் விதி பெரும்பாலும் நிற்கும், ஆனால் சக்குலண்ட் (சாறு நிறைந்தது) சேராது. அது ‘சாறு’ என்னும் வேறு வேரிலிருந்து வந்தது. ஆர், எம் இரண்டையும் மட்டும் நம்ப வேண்டாம். சரகேட் (பதிலாள்) ‘சப்’ குடும்பம். சரண்டர், சரவுண்ட் இரண்டும் பிரெஞ்சு வழியாக வந்த ‘மேலே’. சம்மன் ‘சப்’, சம்மிட் என்பதோ உச்சி. ஒற்றை ஆர் உள்ள சர்ஃபேஸ், சர்ப்ளஸ், சர்வைவ் மூன்றும் ‘மேலே’தான். இதில் தடுமாறித்தான் பலர் மதிப்பெண்ணை இழக்கிறார்கள்.

பொருளிலும் ‘கீழே’ என்ற ஒன்றையே பிடித்துக்கொண்டிருக்காதீர்கள். நம் ஊர் அலுவலகப் பலகைகளைப் பாருங்கள். சப் ரிஜிஸ்ட்ரார் சார் பதிவாளர், சப் கலெக்டர் சார் ஆட்சியர், சப் ஜெயில் கிளைச்சிறை. பட்டாவில் சப் டிவிஷன் உட்பிரிவு. வீட்டு ஒப்பந்தத்தில் “உள்வாடகைக்கு விடக் கூடாது” என்று ஒரு வரி இருக்குமே, அதுதான் சப்லெட். சப்கான்டினென்ட் துணைக்கண்டம். சார், கிளை, உள், துணை என்று மொழிபெயர்த்தவர்கள் இடத்துக்கு இடம் எவ்வளவு யோசித்திருக்கிறார்கள்! இந்தச் சொற்களே உங்களுக்கு நல்ல பொருள் அகராதி. இலங்கையில் சப் இன்ஸ்பெக்டரை உப பொலிஸ் பரிசோதகர் என்கிறார்கள். அந்த ‘உப’வும் தற்செயல் அல்ல: சமஸ்கிருத ‘உப’, கிரேக்க ‘ஹைப்போ’, லத்தீன் ‘சப்’ மூன்றும் ஒரே மூலத்தின் கிளைகள்.

‘ஹைப்போ’வையும் இதோடு சேர்த்துப் படித்துவிடுங்கள். ஹைப்போ என்றால் சப், ஹைப்பர் என்றால் சூப்பர். கிரேக்கத்தில் ஹகரம் வரும் இடத்தில் லத்தீனில் எஸ் வருவது வழக்கம், அதனால் ஜோடி மறக்காது. ஹைப்போகிளைசீமியா சர்க்கரை குறைவது, ஹைப்பர்கிளைசீமியா கூடுவது. தேர்வில் போகிறது ஒரு மதிப்பெண்தான், மருத்துவமனையில் இந்த இரண்டும் மாறக் கூடாது.

இன்று இரவு நோட்டை எடுத்து, ஒவ்வொரு சொல்லுக்கும் பக்கத்தில் வேரை எழுதி, அந்தக் காட்சியை ஒரு வரியில் தமிழில் எழுதுங்கள். சப்ஸ்கிரைப் என்றால் தாளின் அடியில் எழுதுவது, அதாவது கையெழுத்திட்டு ஒப்புக்கொள்வது. சந்தா கட்டுவது என்னும் பொருள் அதிலிருந்து வந்தது. சப்லிங்குவல் என்றால் நாக்கின் அடியில் வைக்கும் மாத்திரை. சப்ஜுகேட் (அடக்கி ஆள்வது) என்பதில் ‘யுகும்’ இருக்கிறது, நுகத்தடி. கி.மு. 321இல் இத்தாலியின் காடியம் கணவாயில் சாம்னியர்கள் என்னும் இத்தாலிய மக்களிடம் ரோமானியப் படை சிக்கியது. வென்றவர்கள் இரண்டு ஈட்டிகளை நட்டு, மூன்றாவதைக் குறுக்கே கட்டி, ஒரு நுகத்தடி போல நிறுத்தினார்கள். ஆயுதம் இழந்த ரோமானியர்கள் ஒவ்வொருவராக அதன் கீழே குனிந்து போனார்கள்.