ஆர்புவா சிவப்பு ஒயின் வெளிறிப்போய் முட்டை வாடை அடித்தால் கெட்டுவிட்டதா?

'ஆர்புவா, பூல்சார்' என்று லேபிள் போட்ட சிவப்பு ஒயின் வாங்கினீர்கள். (ஆர்புவா, கிழக்கு பிரான்சில் ஜுரா வட்டாரத்து ஊர்; பூல்சார், அங்கே விளையும் கறுப்புத் திராட்சை.) கிளாஸில் ஊற்றினால் இளஞ்சிவப்பு ரோஸே ஒயின் மாதிரி வெளிறியிருக்கிறது, திறந்ததும் அவித்த முட்டை வாடை. தண்ணீர் கலந்து ஏமாற்றிவிட்டார்களா, சிங்க்கில் கொட்டிவிடலாமா என்பது உங்கள் கேள்வி.

கொட்டாதீர்கள். மொத்தத்தையும் ஒரு ஜக்கில் ஊற்றிவைத்துவிட்டு மேலே படியுங்கள்.

வேலைக்காக பிரான்சில், டிஜோன் நகரத்தில் இருக்கிறேன். இங்கிருந்து ஆர்புவா காரில் ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட. முதல் தடவை போனபோது நானும் இதே சந்தேகத்தைக் கேட்டு அசடு வழிந்தவன்தான். ஒரு சின்னத் தோட்டத்துக்காரர் வீட்டு நிலவறை. அவருடைய அம்மாதான் ஊற்றிக் கொடுத்தார், எழுபது வயதுக்கு மேல் இருக்கும். "இது ரோஸேதானே, மதாம்?" என்றேன். பதில் சொல்லாமல், மேசையில் கிடந்த செய்தித்தாளை இழுத்து என் கிளாஸுக்கு அடியில் வைத்தார். "படிங்க" என்றார். வானிலைச் செய்தி ஒரு எழுத்து விடாமல் தெரிந்தது. "படிக்க முடியுதுன்னா அது பூல்சார்தான்."

விஷயம் இவ்வளவுதான்: கறுப்புத் திராட்சையாக இருந்தாலும் உள்ளே இருக்கும் சாறுக்கு நிறம் கிடையாது. சிவப்பு முழுக்கத் தோலிலிருந்து வருவது. பூல்சார் பழம் பெரிசு, தோலோ வெங்காயச் சருகு மாதிரி மெல்லிசு, நிறச்சத்தும் குறைவு. வாரக்கணக்கில் தோலோடு ஊறப்போட்டாலும் தெளிந்த ரசத்தின் நிறத்தைத் தாண்டாது. வயசானால் கொஞ்சம் ஆரஞ்சு தட்டும். நிறத்தைப் பார்த்து ருசியை எடை போட்டால் இந்த ஊரில் ஏமாந்துபோவோம். காட்டு ஸ்ட்ராபெரியும் ஈரமண்ணும் சேர்ந்த மணம், நல்ல புளிப்பு, துவர்ப்பு கொஞ்சம்தான். ரசத்தை நிறம் பார்த்தா குடிக்கிறோம்?

தோல் என்றதும் ஞாபகம் வருகிறது. நுண்ணுயிர் விஞ்ஞானி லூயி பாஸ்டர் 1822இல் பிறந்த ஊரின் பெயரே தோல்! (பிரெஞ்சில் அப்படித்தான் உச்சரிக்கிறார்கள், நான் கதை விடவில்லை.) அதுவும் இதே ஜுராவில்தான். வளர்ந்தது ஆர்புவாவில். 1874இல் ஊருக்கு வெளியே சொந்தமாகத் திராட்சைத் தோட்டம் வாங்கினார். 1878இல் அங்கே சில கொடிகளைக் கண்ணாடிக் கூண்டுக்குள் அடைத்து, குலைகளைப் பஞ்சால் சுற்றிவைத்தார். அந்தப் பழத்தைப் பிழிந்த சாறு நொதிக்கவே இல்லை. சாறை நொதிக்கவைக்கும் ஈஸ்ட் வெளியிலிருந்து வந்து தோலில் ஒட்டுவது, சாறுக்குள் தானாக முளைப்பதில்லை என்று காட்டத்தான் அத்தனை பாடு.

வாடைக்கு வருவோம். நொதிக்கும்போது அதே ஈஸ்ட், முட்டை வாடை அடிக்கும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயுவைக் கொஞ்சம் விடும். காற்றுப் படாமல் வைத்தால் அது ஒயினிலேயே தங்கிவிடும். பூல்சாருக்கு இந்தக் குணம் மற்றதைவிட அதிகம். காற்றாடவிட்டால் பெரும்பாலும் போய்விடும். போகவில்லையா? ஐந்து யூரோ சென்ட் காசைச் சோப்புப் போட்டுக் கழுவி, கிளாஸில் போட்டு இரண்டு சுற்றுச் சுற்றி எடுத்துவிடுங்கள். அதன் மேல்பூச்சு செம்பு. கந்தக வாடையை இழுத்துக்கொள்ளும். விருந்தாளி முன்னால் செய்ய வேண்டாம்.

'பூல்சார்' என்றும் 'ப்ளூசார்' என்றும் இரண்டு விதமாக லேபிளில் பார்ப்பீர்கள். இரண்டும் ஒன்றுதான். ஆர்புவாவுக்கு மேலே மலைச்சரிவில் இருக்கும் புப்பியான் கிராமத்துக்காரர்கள் ப்ளூசார் என்பார்கள். 'உலக ப்ளூசார் தலைநகரம்' என்று தங்கள் ஊருக்குப் பட்டமும் சூட்டிக்கொண்டிருக்கிறார்கள். இன்னும் அழுத்தமான சிவப்பு வேண்டுமென்றால் த்ரூசோ என்ற திராட்சையில் செய்ததைக் கேளுங்கள். நிறமும் மிளகுக் காரமும் கூட. சூடு தங்கும் சரளை மண் கேட்கும் கொடி, அதனால் எல்லா இடத்திலும் வராது. போர்ச்சுகலில் இதே திராட்சைக்கு பாஸ்டார்டோ என்று பெயர். பினோ நுவார் என்ற கறுப்புத் திராட்சையும் உண்டு, ஆனால் அதற்காக ஜுரா வரை வர வேண்டாம், பக்கத்தில் பர்கண்டி இருக்கிறது.

ஏன் யாருக்கும் தெரியவில்லை என்று கேட்டால், இருப்பதே கொஞ்சம்தான். 19ஆம் நூற்றாண்டில் ஜுரா முழுக்கச் சுமார் 20,000 ஹெக்டேர் திராட்சை இருந்தது. ஃபில்லாக்செரா பூச்சி வேரைத் தின்றது, ரயிலில் தெற்கிலிருந்து மலிவு ஒயின் வந்து இறங்கியது. இன்று இருப்பது 2,000 ஹெக்டேர் சொச்சம், அதிலும் பாதிக்கு மேல் வெள்ளை. போதாததற்கு பூல்சார் அவசரக்குடுக்கை. சீக்கிரமே துளிர்விட்டு உறைபனியில் மாட்டிக்கொள்ளும். 2021 ஏப்ரலில் பனி அப்படித்தான் கருக்கிவிட்டுப் போனது. இத்தனைக்கும் 1936இல், பிரான்சிலேயே முதல் வரிசையில், தோற்ற முத்திரை (ஒயின் எந்த ஊரில் விளைந்தது என்பதற்கான சட்ட அங்கீகாரம்) வாங்கிய ஊர் ஆர்புவா.

ஒன்று கவனித்தீர்களா தெரியாது: இங்கே சிவப்பை முதலில் கொடுத்துவிட்டு வெள்ளையை அப்புறம்தான் ஊற்றுவார்கள். சவன்யான் என்ற திராட்சையில் இவர்கள் செய்யும் அழுத்தமான வெள்ளையோடு ஒப்பிட்டால் பூல்சார் குழந்தை. நீங்களும் சாப்பாட்டின் தொடக்கத்தில், ஃபிரிட்ஜில் அரை மணி நேரம் வைத்து எடுத்துக் குடியுங்கள். மோர்பியே சீஸ், புகையில் வாட்டிய மோர்த்தோ சாசேஜ் இரண்டும் ஒத்துப்போகும்.

இந்நேரம் ஜக்கில் இருப்பது தெளிந்திருக்க வேண்டும். மோந்து பார்த்து ஒரு வாய் குடியுங்கள். நாக்கில் லேசாகச் சுருக்கென்று குத்தினால் பயப்பட வேண்டாம், மிச்சமிருக்கும் கரியமில வாயு. ஆனால் வினிகர் நெடி அடித்தாலோ, விழுங்கிய பத்து விநாடி கழித்துத் தொண்டையில் எலிப்பொந்து வாடை ஏறினாலோ அது நிஜமாகவே கெட்டது, எவ்வளவு காற்றாடவிட்டாலும் திருந்தாது. ரசீதோடு கடைக்குக் கொண்டுபோங்கள்.